பள்ளிச் சமையலறைச் சம்பளமும் பர்மிங்காம் பட்ஜெட்டும்

2024 மார்ச் 5-ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி தன் ஆண்டு பட்ஜெட்டை நிறைவேற்றியது. வீடுகளுக்கு உள்ளாட்சி விதிக்கும் கவுன்சில் வரி ஒரேயடியாக 9.99 சதவீதம் ஏறியது. இரண்டு ஆண்டுகளில் 30 கோடி பவுண்டு செலவைக் குறைப்பது, 600 வேலைகள் வரை நீக்குவது, தெருவிளக்கின் வெளிச்சத்தை மங்கலாக்குவது, குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுப்பது, நூலகங்களைக் குறைப்பது, நகரின் சிம்பொனி இசைக்குழுவுக்கும் நடனக்குழுவுக்கும் தந்துவந்த மானியத்தை அடுத்த ஆண்டோடு முழுசாக நிறுத்துவது என்று பட்டியல் நீண்டது. உள்ளே விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, விக்டோரியா சதுக்கத்தில் மாமன்றக் கட்டடத்துக்கு வெளியே மக்கள் கூடிக் கோஷம் போட்டார்கள்.

பதினொரு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் நகரம் அது. ஐரோப்பாவிலேயே பெரிய உள்ளாட்சி அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். அது இந்த நிலைக்கு வந்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, 2010-க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சி நிதியை வெட்டிக்கொண்டே வந்தது. அந்த வகையில் மட்டும் சுமார் 100 கோடி பவுண்டு போய்விட்டது என்பது மாநகராட்சியின் கணக்கு. இரண்டு, கணக்குவழக்குக்காக வாங்கிய ஆரக்கிள் மென்பொருள் சொதப்பியது. 2 கோடிக்குள் முடிய வேண்டிய வேலை 10 கோடியைத் தாண்டியது. மூன்றாவது, பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம ஊதிய நிலுவை. செய்திகளில் அதிகம் அடிபட்டது இந்த மூன்றாவதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான். ஏதோ பெண்கள் வழக்குப் போட்டு நகரத்தையே திவாலாக்கிவிட்டார்கள் என்கிற தொனியில் எழுதப்பட்டதை எல்லாம் படிக்க முடிந்தது. உண்மையில் அந்தப் பணம், பள்ளிச் சமையலறையிலும் வகுப்பறையிலும் முதியோர் பராமரிப்பிலும் வேலை பார்த்த பெண்களிடமிருந்து மாநகராட்சி பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருந்த பணம்.

பள்ளிச் சம்பளம் என்றதும் நமக்கு ஆசிரியர் சம்பளம்தான் ஞாபகம் வரும். இங்கே அது பிரச்சினையே இல்லை. இங்கிலாந்தில் ஆசிரியர்களின் சம்பளத்தைப் பரிந்துரைக்கத் தேசிய அளவில் தனிக் குழு இருக்கிறது. அதற்கான பணமும் பள்ளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட அரசு மானியமாக வருகிறது; அதை எடுத்து சாலை போட முடியாது. ஆனால் ஒரு பள்ளி ஆசிரியர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுவதில்லை. சமையல்காரர், மதியச் சாப்பாடு பரிமாறிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், துப்புரவாளர், அலுவலக உதவியாளர், பின்தங்கிய பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்பறை உதவியாளர் எல்லாரும் வேண்டும். உள்ளாட்சி நேரடியாகப் பொறுப்பேற்கும் பள்ளிகளில் இவர்களுக்குச் சட்டப்படி முதலாளி மாநகராட்சி. அதாவது குப்பை வண்டியில் போகிறவருக்கும், பள்ளியில் உருளைக்கிழங்கு வேகவைக்கிறவருக்கும் ஒரே முதலாளி. இந்த ஒரு விஷயத்தில்தான் பர்மிங்காம் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலும் பகுதிநேர வேலை, அதுவும் பள்ளி நடக்கிற வாரங்களுக்கு மட்டும். பள்ளி ஆண்டு சுமார் 39 வாரம். அந்த 39 வாரத்துக்கும் அதற்குரிய விடுப்புக்கும் வருகிற சம்பளத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். மாதாமாதம் கைக்கு ஏதோ வருகிறது என்ற திருப்தி உண்டு. ஆனால் விளம்பரத்தில் போட்டிருந்த ஆண்டுச் சம்பளத்துக்கும் கைக்கு வருவதற்கும் உள்ள இடைவெளி, சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் உறைக்கும். வாரத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் என்றால் சொல்லவே வேண்டாம்.

1997-இல் பிரிட்டிஷ் உள்ளாட்சி முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதுவரை கைவேலைக்காரர்களுக்கு ஒரு சம்பள ஏடு, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வேறு ஏடு. இனி எல்லாருக்கும் ஒரே ஏடு, ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண், அந்த மதிப்பெண்ணுக்கு ஏற்ற ஊதிய நிலை என்று முடிவானது. மதிப்பெண் போடுவதற்குத் தேசிய அளவில் உருவாக்கிய முறையில் 13 அம்சங்கள் உண்டு. அறிவு, யோசித்துச் செயல்படும் திறன், மற்றவர்களோடு பழகும் திறன், கைத்திறன், சுயமாக முடிவெடுப்பது, உடல் உழைப்பு, மன உழைப்பு, மனத்தைப் பாதிக்கும் சூழல், மற்றவர்களின் நலனுக்குப் பொறுப்பு, மேற்பார்வைப் பொறுப்பு, பணப் பொறுப்பு, பொருள் பொறுப்பு, வேலை செய்யும் இடத்தின் நிலை.

இந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு இரண்டு வேலைகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். குப்பை அள்ளுபவருக்கு உடல் உழைப்பிலும் வேலைச் சூழலிலும் மதிப்பெண் அதிகம்: மழை, நாற்றம், பாரம். சமையலறைப் பெண்ணுக்கும் பாரம் உண்டு. கொதிக்கும் அண்டா, ஈரத் தரை, நீராவி. அதோடு சிறு பிள்ளைகளின் உணவுப் பாதுகாப்பு, எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்ற கவனம், நேரம் தவறக்கூடாத நெருக்கடி. வகுப்பறை உதவியாளருக்கோ மனத்தைப் பாதிக்கும் சூழல் என்ற கட்டத்தில் மதிப்பெண் ஏறும். கோபத்தில் கடிக்கிற, அடிக்கிற பிள்ளையைப் பொறுமையாகச் சமாளிப்பதும் அவர் வேலைதான். கூட்டிப் பார்த்தால் பல வேலைகள் ஒரே ஊதிய நிலையில் வந்து நின்றன. இதில் யாருக்கும் தகராறு இல்லை. மாநகராட்சியே போட்ட மதிப்பெண் அது.

தமிழ்நாட்டில் ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று இடைநிலை ஆசிரியர்கள் கேட்பது வேறு வகை. அங்கே வேலை ஒன்றே. 2009 ஜூனுக்கு முன் சேர்ந்தாரா, பின் சேர்ந்தாரா என்பதால் சம்பளம் மாறுகிறது. பர்மிங்காமில் வேலையே வேறு வேறு. மதிப்பு மட்டும் ஒன்று. இதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது இன்னும் கடினம், ஆனால் மதிப்பெண் போட்ட தாள் கையில் இருந்தால் எளிது.

அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருந்தும் கைக்கு வந்த பணம் ஏன் வேறாக இருந்தது? போனஸ். ஆண்கள் அதிகம் இருந்த குப்பை அள்ளுதல், தெருக் கூட்டுதல், சாலைப் பணி, கல்லறைக்குழி தோண்டுதல் போன்ற வேலைகளுக்குப் பழைய காலத்து உற்பத்தித்திறன் போனஸ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தொடங்கிய காலத்தில் ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். பிறகு அது வழக்கமான சம்பளமாகவே ஆகிவிட்டது. சிலருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 160 சதவீதம் வரை போனஸ் போனது. சமையலறைப் பெண்ணுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2010 ஏப்ரலில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தொழில் தீர்ப்பாயத்தில் ஜெயித்தபோது வெளியே வந்த ஓர் எடுத்துக்காட்டு: ஒரே ஊதிய நிலையில் ஓர் ஆண் ஓராண்டில் சுமார் 51,000 பவுண்டு எடுத்திருக்கிறார், பெண்ணுக்கு 12,000-க்கும் குறைவு. இத்தனைக்கும் பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் 1970-லேயே வந்து, 1975 டிசம்பர் கடைசியில் அமலுக்கு வந்துவிட்டது.

இங்கே தொழிற்சங்கங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. அந்த போனஸ்களைப் பேரம் பேசி வாங்கியதும், பல ஆண்டுகள் காப்பாற்றியதும் அவர்கள்தான். ஆண் உறுப்பினர்களின் வருமானம் குறையக்கூடாது என்பதே முதல் கவலையாக இருந்தது. பெண்களின் வழக்குகள் பலவற்றைத் தொடக்கத்தில் எடுத்து நடத்தியது ‘ஜெயித்தால் பங்கு, தோற்றால் கட்டணமில்லை’ என்று வந்த வக்கீல்கள்.

அப்புறம் வந்தது பெரிய அடி. தீர்ப்பாயத்துக்குப் போக வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வேலையை விட்டுப் பல காலமான சுமார் 170 பேர், பெரும்பாலும் பெண்கள், சாதாரண சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அங்கே காலக்கெடு ஆறு ஆண்டு. இது தீர்ப்பாயத்தின் வேலை, இங்கே வரக்கூடாது என்று மாநகராட்சி கடைசி வரை வாதாடியது. 2012 அக்டோபர் 24-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றோடு இங்கிலாந்தில் உள்ள எல்லா உள்ளாட்சிக்கும் பழைய ஊழியர்களின் கதவு ஆறு ஆண்டுக்குத் திறந்துவிட்டது.

அதன் பிறகு பர்மிங்காம் இந்த வகையில் கொடுத்தது கிட்டத்தட்ட 110 கோடி பவுண்டு. அதற்காக 2015-இல் தேசியக் கண்காட்சி மையத்தை 30.7 கோடிக்கு விற்றது. வாங்கிய நிறுவனம் மூன்றே ஆண்டில், 2018-இல், சுமார் 80 கோடிக்கு அதைக் கைமாற்றியது. கடனை அடைக்க அவசரத்தில் நகையை விற்கிற வீட்டுக்கு எப்போதும் நடப்பதுதான்.

சரி, இத்தனை பணம் கொடுத்தும் பிரச்சினை ஏன் தீரவில்லை? பழைய நிலுவையைக் கொடுத்தார்கள், நிலுவை உருவாகும் வழியை அடைக்கவில்லை. குப்பைப் பிரிவில் ‘வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்’ என்கிற பழக்கம் தொடர்ந்தது. தெருவை முடித்துவிட்டால் நேரத்துக்கு முன்பே கிளம்பலாம், முழு ஷிப்டுக்கும் சம்பளம் உண்டு. சமையலறையில் பாத்திரம் சீக்கிரம் கழுவி முடித்த பெண்ணுக்கு இந்தச் சலுகை கிடையாது. சம்பளத்தோடு கூடிய ஓய்வும் சம்பளம்தான் என்பது சட்டத்தின் பார்வை.

2017 கோடையில் குப்பைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வண்டியின் பின்னால் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பணியிடத்தை நீக்க மாநகராட்சி முயன்றதுதான் காரணம். அப்போதைய தலைவர் ஜான் கிளான்சி யூனைட் சங்கத்தோடு சமரசம் செய்துகொண்டார்; அந்தப் பணியிடத்தைக் காப்பாற்றினால் சம ஊதிய வழக்குகள் வரும் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள்; சமரசம் முறிந்தது; கிளான்சி பதவி விலகினார். ஆனால் நவம்பரில் வேலைநிறுத்தம் முடிந்தபோது குப்பைப் பிரிவில் அதே ஊதிய நிலையோடு புதுப் பெயரில் ஒரு பணியிடம் உருவாகியிருந்தது. அதிகாரிகள் பயந்தது அப்படியே நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜிஎம்பி சங்கம் வகுப்பறை உதவியாளர்கள், துப்புரவாளர்கள், சமையல் ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கானோரின் கோரிக்கைகளைத் திரட்டிக் கொண்டுவந்தது.

2023 ஜூனில் மாநகராட்சி ஓர் எண்ணைச் சொன்னது. நிலுவை 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை இருக்கலாம், மாதாமாதம் 50 லட்சம் முதல் 1.4 கோடி வரை கூடிக்கொண்டே போகிறது. செப்டம்பர் 5-ஆம் தேதி ‘பிரிவு 114’ அறிவிப்பு வந்தது.

இதைத்தான் உலகம் முழுக்க ‘திவால்’ என்று எழுதினார்கள். பிரிட்டனில் ஒரு மாநகராட்சி திவாலாகச் சட்டத்தில் இடமே இல்லை. 1988-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆவது பிரிவின்படி, இந்த ஆண்டின் வரவுக்குள் செலவு அடங்காது என்று தலைமை நிதி அதிகாரிக்குத் தோன்றினால் அவர் எழுத்தில் அறிவித்தே ஆக வேண்டும். கவுன்சிலர்கள் விரும்புகிறார்களா என்பது பேச்சே இல்லை. அந்தக் கணத்தில் புதுச் செலவு நிற்கும். 21 நாளுக்குள் முழு மன்றமும் கூட வேண்டும். ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் போகும், சட்டப்படி செய்தாக வேண்டிய சேவைகள் நடக்கும். அக்டோபரில் மாநகராட்சியின் முடிவுகளைக் கண்காணிக்க மேக்ஸ் காலர் தலைமையில் ஆணையர்களை மத்திய அரசு அனுப்பியது. அதன் பிறகு மாமன்றத்தில் நடந்த பட்ஜெட் விவாதம் எவ்வளவு தூரம் விவாதம் என்பது யோசிக்க வேண்டியது.

இங்கே பட்ஜெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் வெட்டு ஏன் நூலகத்தின் மேல் விழுந்தது என்று புரியும். மத்திய அரசு பற்றாக்குறை பட்ஜெட் போடலாம், உள்ளாட்சி போடக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 11-க்குள் வரவும் செலவும் சமமாகிற கணக்கைக் காட்டி கவுன்சில் வரியை அறிவித்தாக வேண்டும். வரியையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பெரிய மாநகராட்சிகள் 4.99 சதவீதத்துக்கு மேல் போனால் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும். பர்மிங்காமுக்கு அரசு சிறப்பு அனுமதி தந்ததால்தான் 9.99. அடுத்த ஆண்டும் அதையே கேட்டபோது 7.49 தான் கிடைத்தது. செலவுப் பக்கமோ முக்கால்வாசி கை கட்டப்பட்டது. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் சட்டக் கடமை. மிச்சம் இருப்பது நூலகம், இளைஞர் மையம், கலை மானியம், பூங்கா, தெருவிளக்கு. கத்தி அங்கேதான் விழும், வேறு எங்கும் விழ இடமில்லை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஊழியர் சம்பள உயர்வு தேசிய அளவிலான கூட்டுக் குழுவில் முடிவாகிறது. 2023-24-இல் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு 1,925 பவுண்டு, 2024-25-இல் 1,290 பவுண்டு. முழுநேரக் கணக்கு இது. பள்ளி உதவியாளருக்கு இதில் ஒரு பகுதிதான் வரும். அதையும் தனியாக யாரும் அனுப்பிவைப்பதில்லை. மாநகராட்சியும் பள்ளியும் இருக்கிற பணத்தில்தான் தேட வேண்டும். ஆகவே சம்பளம் கூடிய பெண்ணின் வேலை நேரத்தைக் குறைப்பது பள்ளிகளுக்குக் கைவந்த வழியாகிவிட்டது. நிலுவை வாங்கப் போகிற பெண்ணும் அதே நகரத்தில்தான் கூடுதல் வரி கட்டுகிறார், மூடப்படும் நூலகத்துக்குத் தன் பிள்ளையை அனுப்புகிறார்.

76 கோடி என்ற எண்ணையே பிறகு பலர் சந்தேகப்பட்டார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தணிக்கை ஆய்வாளர்கள் அது மிகையான மதிப்பீடு என்று வாதிட்டார்கள். 2024 டிசம்பரில் ஜிஎம்பி, யூனிசன் இரு சங்கங்களோடும் சுமார் 6,000 பேரின் கோரிக்கைகளுக்கு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. தொகை ரகசியமாக வைக்கப்பட்டது. அந்தத் தொகை முதல் மதிப்பீட்டை விட வெகுவாகக் குறைவு என்றால், அதைக் காட்டி விற்ற நிலங்களுக்கும் மூடிய மையங்களுக்கும் யார் பதில் சொல்வது என்று கேட்பது நியாயம்தான். என்னைக் கேட்டால், எண் சரியா தப்பா என்பதைவிட, 2012-க்குப் பிறகு பத்து ஆண்டு நிலுவை புதிதாக உருவாகும் வழியை அடைக்கவில்லை என்பதே பெரிய குற்றம்.

2025 மார்ச் 11 முதல் குப்பைத் தொழிலாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2017-இல் உருவான அந்தப் பணியிடத்தை மாநகராட்சி நீக்கியதே காரணம். சிலருக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை இழப்பு என்றது யூனைட். 17,000 டன் குப்பை தெருவில் குவிந்தது, எலிகள் ஓடின. பணியிடத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி சம ஊதிய வழக்கு வரும் என்றது மாநகராட்சி. இரண்டு தரப்பும் சொன்னதில் உண்மை உண்டு. சமமாக்குவதற்குப் பெண்களின் சம்பளத்தை ஏற்றலாம், ஆண்களின் சம்பளத்தை இறக்கலாம். பணமில்லாத மாநகராட்சி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். குப்பைத் தொழிலாளியும் பணக்காரர் இல்லை. 2018 அக்டோபரில் கிளாஸ்கோவில் பள்ளிச் சமையல், துப்புரவு, பராமரிப்புப் பெண்கள் 8,000-க்கும் மேல் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அங்கே குப்பைத் தொழிலாளர்கள் பலர் அவர்கள் மறியல் செய்த இடத்தைத் தாண்டிப் போக மறுத்து வண்டியை எடுக்காமல் நின்றார்கள். அந்த நகரம் அடுத்த ஆண்டு 50 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து முதல் சுற்றை முடித்தது. பணத்துக்காகத் தன் பெரிய அரங்குகளைத் தானே உருவாக்கிய நிறுவனத்துக்கு விற்று, வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

இனி என்ன? பள்ளி உதவி ஊழியர்களுக்கென்று தனிப் பேச்சுவார்த்தைக் குழு ஒன்று 2009-இல் அமைக்கப்பட்டு, 2010-இல் ஆட்சி மாறியதும் கலைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த வேலை உரிமை மசோதா 2025 டிசம்பரில் சட்டமானது; அதில் அந்தக் குழுவை மறுபடி அமைக்க வழி செய்திருக்கிறார்கள். வகுப்பறை உதவியாளருக்கு நாடு முழுக்க ஒரே அளவுகோல் வந்தால் நல்லதுதான்.

ஆனால் அதற்குள் களமே மாறிவிட்டது. இங்கிலாந்துப் பள்ளிகளில் பெரும் பகுதி இப்போது மாநகராட்சியின் கையில் இல்லை. ‘அகாடமி’ என்ற பெயரில் தனி அறக்கட்டளைகளின் கீழ் போய்விட்டன. அங்கே வேலை பார்க்கும் சமையல்காரருக்கு முதலாளி அந்த அறக்கட்டளை. சம ஊதியம் கேட்க வேண்டுமானால் பொதுவாக ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கும் ஓர் ஆணைக் காட்ட வேண்டும். பள்ளி அறக்கட்டளையிடம் குப்பை வண்டி கிடையாது, சாலைப் பணி கிடையாது. தோட்டக்காரரையும் கட்டடப் பராமரிப்பாளரையும் விட்டால் ஒப்பிட ஆளே இல்லை. சமையலை வெளி நிறுவனத்துக்குக் குத்தகை விட்ட பள்ளிகளில் அதுவும் இல்லை.